மண் அள்ளித் தூற்றினால் பலிக்குமா?

முத்தையன்கட்டு வாய்க்கால்

வணக்கம். கனநாளாக இந்தக் கருத்துக்களத்துக்கு வாசிக்க மட்டும்தான் வருவேன். இன்றைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சிரிக்கிற ஆட்கள் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் காணி முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி, இரண்டு ஏக்கர் மேட்டுநிலம். 2009இல் கடைசிச் சண்டைக்குள் எல்லாரோடும் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2011இல் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, இடுப்பளவு பற்றை. அப்பா நினைவில் இருந்த இடத்தில் வேலிக்குக் கதியால் தடி நட்டார். பக்கத்து வளவில் ஒரு ஆச்சி தனியே இருக்கிறார். “ரெண்டு முழம் என்ர பக்கம் வந்திட்டியள்” என்று அப்போதே சொன்னார். அப்பா இருந்தவரைக்கும் அது வாய்ச்சண்டையாகவே போனது. போன ஆவணியில் நான் கதியாலை எடுத்துவிட்டுத் தூண் போட்டு முள்ளுக்கம்பி அடித்தேன்.

கடைசித் தூணுக்குச் சீமெந்து போடும்போது ஆச்சி வந்தார். ஏசவில்லை. குனிந்து, கிண்டிப் போட்டிருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினார். மூன்று தரம் தூற்றினார். “இந்த மண் உங்களைத் தின்னும்” என்றார். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். காற்றுக்கு அந்த மண்ணில் கொஞ்சம் என் வாய்க்குள்ளும் வந்தது. துப்பினேன். அதற்குப் பிறகும் பல்லில் நறநறவென்று கடிபட்டது.

புரட்டாதியில் கன்று செத்தது. ஐப்பசியில் தம்பி மோட்டார்சைக்கிளில் விழுந்து தோளெலும்பு முறிந்தது. கார்த்திகையில் கிணறு ஒரு பக்கம் இடிந்தது. அம்மா “அவவின்ர வயித்தெரிச்சல்தான்” என்று முடிவு கட்டிவிட்டார். சாபம் நீங்கக் கழிப்புக் கழிக்க ஒருவரையும் பார்த்து வைத்திருக்கிறார். அவர் 45,000 ரூபா கேட்கிறார்.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவன். நம்பிக்கை இல்லை. ஆனால் இரவில் அந்தத் தூணைக் கடக்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். சாபம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

கணக்குப்புலி

கன்று எத்தனை நாள் கன்று, என்ன வருத்தம்? தம்பி எத்தனை மணிக்கு விழுந்தார்? கிணற்றைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. கட்டாத கிணறு கார்த்திகை மழைக்கு இடியாவிட்டால்தான் அதிசயம்.

முத்தையன்கட்டு வாய்க்கால்

கன்று ஒன்பது நாள். கழிச்சல். தாய் உதைத்துக்கொண்டே இருந்ததால் கன்று போட்டவுடன் வருகிற கடும்புப்பால் போதிய அளவு குடிக்கவில்லை. தம்பி இரவு ஒன்பதரைக்கு, றோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதினான். லைட்டும் மங்கல்.

கணக்குப்புலி

அப்படியென்றால் மண்ணில் என்ன பிழை? கடும்புப்பால் குடிக்காத கன்றுக்கு நோயை எதிர்க்கிற சக்தி வராது. மண் தூற்றாத வீட்டிலும் அது சாகும்.

2022 மார்கழியை நினைத்துப் பாருங்கள். மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றிரண்டு நாளுக்குள் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. எங்கள் ஊரில் ஒருவர் தம்பியோடு முதிசச் சண்டை பிடித்ததால் என்றார். இன்னொருவர் கோயில் நேர்த்தி பிந்தியதால் என்றார். மூன்றாம் வீட்டில் மருமகளின் ராசி. விடிந்து பார்த்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் அதே கதை. தன் மாடு மட்டும் செத்திருந்தால் இந்த மூன்று பேரும் இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. ஆச்சி இதுவரை வேறு யாரையெல்லாம் தூற்றியிருக்கிறார் என்று விசாரியுங்கள். பலித்ததை மட்டும்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும்.

முத்தையன்கட்டு வாய்க்கால்

விசாரித்தேன். பழைய கிராம சேவகர், உழவுக்கு வந்து காசு கூட எடுத்த டிராக்டர்காரன், வாழைக்குள் மாட்டை விட்ட ஒருவர். மூன்று பேரும் கல்லுப்போல இருக்கிறார்கள். டிராக்டர்காரன் இரண்டாவது டிராக்டரும் வாங்கிவிட்டான்.

ஐயனார் கோயிலடி

இப்படிக் கணக்குப் பார்த்துப் பகிடி பண்ணுவது சுகம். எங்கள் பக்கம் ஒருவர் சனம் இடம்பெயர்ந்து போன பிறகு வெறும் வீடுகளில் ஓடு கழற்றி விற்றவர். யன்னல், நிலை, கதவு ஒன்றும் விடவில்லை. திரும்பி வந்து வெறும் சுவரைப் பார்த்த ஒரு தாய் வாசற்படியில் இருந்து தலையில் அடித்து அழுதார். அந்த ஆளுக்கு இன்றைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கோல் பிடித்துத்தான் நடக்கிறார். இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?

கணக்குப்புலி

சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்ததா?

ஐயனார் கோயிலடி

இருந்தது. எனக்கும் இருக்கிறது, பதினாறு வருசமாக. எனக்குக் கண் போகவில்லையே. சீனியில் கண் போகும் என்பது எனக்குத் தெரியும். அது ஏன் அவனுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஓய்வுபெற்ற வாத்தி

ஐயனார் கோயிலடி கேட்டது லேசான கேள்வி இல்லை. சூடானில் அசாண்டே மக்களோடு இருந்து எழுதிய எவன்ஸ் பிரிச்சட் என்ற மானிடவியலாளர் 1937இலேயே இதைப் பற்றிச் சொன்னார். அங்கே தானியக் கொட்டில்களைத் தூண்களில் உயர்த்திக் கட்டுவார்கள். வெயிலுக்கு அதன் கீழே ஆட்கள் இருப்பார்கள். ஒருநாள் கொட்டில் விழுந்து ஆட்கள் நசுங்கினால், கறையான் தூணை அரித்தது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் இருந்த அந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது? அந்த இடத்தில்தான் சூனியம் வருகிறது. கறையானையும் நம்புகிறார்கள், சூனியத்தையும் நம்புகிறார்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை. எங்கள் ஊரிலும் கண்ணாஸ்பத்திரிக்கும் போவோம், நூலும் கட்டுவோம்.

என்னைக் கேட்டால் “ஏன் அவனுக்கு” என்பதற்குப் பதில் கிடையாது. பதினாறு வருசம் ஒழுங்காகக் குளிசை போட்டீர்களா, அவர் போட்டாரா என்று கேட்டால் பாதிப் பதில் கிடைக்கலாம்.

ஐயனார் கோயிலடி

அவர் போடவில்லை. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். மிச்சப் பாதியை விடமாட்டேன்.

கள்ளப்பாட்டுக் கரை

நான் கடற்றொழில். நந்திக்கடல் களப்புக்குள் இறாலுக்குப் போகும்போது நாங்கள் ஒன்றும் பார்ப்பதில்லை. இடுப்பளவு தண்ணீர், தவறினால் நடந்து வரலாம். அதே ஆட்கள் பெருங்கடலுக்குப் படகு தள்ளும்போது தேசிக்காய் வெட்டுவோம், அணியத்தில் வேப்பிலை கட்டுவோம். “எங்க போறியள்” என்று யாரும் கேட்டால் எரிச்சல் வரும். வலை இரண்டு நாள் வெறுமனே வந்தால் யாரோ நாவூறு போட்டுவிட்டான் என்போம்.

இதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகளிடம் சொன்னேன். நூறு வருசத்துக்கு முதல், முதலாம் உலகப்போர்க் காலத்தில், மலினோவ்ஸ்கி என்பவர் நியூகினிப் பக்கத்து ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இதையே பார்த்து எழுதியிருக்கிறாராம். களப்பில் மீன் பிடிக்க மந்திரம் இல்லை, ஆழ்கடலுக்குப் போனால் மந்திரம். என் கைக்குள் நிற்கிற வேலைக்குத் தேசிக்காய் தேவையில்லை, அவ்வளவுதான்.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26இல் சுனாமியில் எங்கள் கரை போனது. யாரோ கடலம்மாவைப் பழித்த சாபம் என்று அப்போது சில பேர் கதைத்தார்கள். பழிக்கத் தெரியாத வயதுப் பிள்ளைகளைத்தான் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கதையை என் முன்னால் கதைக்க நான் விடுவதில்லை.

இரவுக்கடமை

தாதியாக வேலை செய்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பாம்புக்கடி பட்டு வருகிறவர்கள் எங்களுக்குப் புதிது இல்லை.

ஒருநாள் இரவு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயலில் பாம்பு கடித்தது. வேர்த்து ஊற்றுகிறது, மூச்சு இழுக்கிறது, கால் மரத்துவிட்டது என்கிறார், “பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று மனுசிக்குச் சொல்கிறார். அடித்த பாம்பை யூரியாப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். (தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அடிக்கப்போய் இரண்டாம் கடி வாங்கியவர்களும் உண்டு.) கொட்டிப் பார்த்தால் சாரை. நஞ்சே இல்லை. டொக்டர் அதை அவருக்குக் காட்டிச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் எழும்பி இருந்து பிளேன்டீ கேட்டார். அந்த மரத்த காலும் மூச்சும் நடிப்பு இல்லை. நான் நாடி பிடித்துப் பார்த்தவள்.

சாபமும் இப்படி ஏறும் என்றுதான் நினைக்கிறேன். வோல்டர் கனன் என்ற உடற்றொழிலியலாளர் 1942இல் “வூடு சாவு” பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சூனியம் வைத்தார்கள் என்று நம்பியவர் சாப்பாடு தண்ணீர் விட்டு, ஊரும் அவரைக் கைவிட்டு, பயத்திலேயே உடம்பு ஒடுங்கிச் சாகலாம் என்பது அவர் வாதம். அதில் எவ்வளவு சரி என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதல் செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. அதற்கு நொசீபோ என்று பெயர். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொழுப்பைக் குறைக்கிற குளிசை ஒத்துவரவில்லை என்று நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் உண்மைக் குளிசை, சில மாதம் வெறும் மாக்குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மைக் குளிசையில் வந்த கஷ்டத்தில் 90 வீதம் மாக்குளிசையிலும் வந்தது.

முத்தையன்கட்டுத் தம்பி, தூணடியில் உங்கள் நெஞ்சு அடிக்கிறது உண்மை. நித்திரை குழம்பினால் அடுத்த நாள் வேலையில் கவனம் போகும். அதில் ஒரு விபத்து வந்தால் அதையும் ஆச்சியின் கணக்கில் எழுதுவார்கள்.

புடையன் போன்ற நஞ்சுப் பாம்பு கடித்தால் மந்திரிக்கிற வீட்டுக்குப் போய் மினக்கெடாதீர்கள். வந்தவுடன் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்போம். உறையாவிட்டால் நஞ்சு ஏறிவிட்டது. அந்த 20 நிமிடத்தையே எங்களால் பொறுக்க முடியாது, நீங்கள் இரண்டு மணித்தியாலம் வேப்பிலை அடித்துவிட்டு வருகிறீர்கள்.

தூரதேசி

கனடாவில் இருந்து எழுதுகிறேன். நாடே குவேனியின் சாபத்தில் கிடக்கிறது என்று என்னோடு வேலை செய்கிற சிங்களப் பெடியன் சொல்லுவான். கதைப்படி முதல் ராசா விஜயன் தன் மனைவி குவேனியைக் கைவிட்டது, பிறகு வந்த பண்டுவாசுதேவ ராசாவுக்கு அந்தத் தோசத்தால் வருத்தம் வந்தது, அதைத் தீர்க்க ஆடியதுதான் கொஹொம்ப கங்காரிய. கண்டி நடனம் அந்தச் சடங்கில் இருந்து வளர்ந்ததாம். சாபத்தில் நடனமாவது மிஞ்சியது. எங்களுக்கு முள்ளுக்கம்பிதான் மிஞ்சும் போல.

ஓய்வுபெற்ற வாத்தி

எங்களுக்கும் இருக்கிறது. மதுரையை எரித்தவளைக் கும்பிடுகிற ஊர் நாங்கள். கோபம் ஆறாமல் வந்தவள் பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம்பளை, அதுதான் எங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் என்பது கதை. வைகாசிப் பொங்கலுக்கு மூன்று மாவட்டச் சனமும் அங்கேதான். கண்ணகிக்கு நடந்ததற்கே சிலப்பதிகாரம் ஒரு சாபத்தைக் காரணம் காட்டுகிறது, அது பலருக்குத் தெரியாது. கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தானாம். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அலைந்து அழுதுவிட்டு மலையேறிக் குதித்தாள். குதிக்கும்போது இட்ட சாபம் அது. நீலியும் அரசனிடம் நீதி கிடைக்காத பெண், கண்ணகியும் அப்படித்தான்.

காணிக்கும் சாபத்துக்கும் பழைய தொடர்பு. கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்த கல்வெட்டுகளின் கடைசி வரியைப் பாருங்கள். இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இருக்கும். ஓம்படைக்கிளவி என்பார்கள். சிங்களக் கல்வெட்டுகளில் காகத்தையும் நாயையும் செதுக்கி வைத்தார்கள், மீறினால் அப்படிப் பிறப்பாய் என்று. கொடுத்த ராசாவே செத்த பிறகு யார் வந்து எல்லையைக் காப்பது? அதற்குத்தான் அந்த வரி. அப்படிக் காவல் போட்டும் நிலம் பறிபோயிருக்கிறது, அது வேறு கதை.

பூவரசு

எல்லாரும் வடிவாகக் கதைக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கட்டுமா?

2009 சித்திரையில் என்ர மனுசன் போனார். முகாமில், தண்ணீர் வரிசையில் நிற்கும்போது ஒரு மனுசி என் காதுபடச் சொன்னார், “எந்தச் சாபமோ, கலியாணம் கட்டி ரெண்டு வரியத்தில தின்னிட்டாள்.” செல் குண்டு விழுந்த இடத்தில் நின்றவர்கள் நாற்பது பேர். நாற்பது பேரின் மனைவிமாருமா சாபம் பெற்றவர்கள்? அதற்குப் பிறகு தங்கச்சியின் கலியாணத்தில் தாலி தொட்டுக் கும்பிடத் தட்டம் சுற்றி வந்தபோது என்னைத் தாண்டிப் போனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டம் தாண்டிப் போனது, அவ்வளவுதான்.

கெட்டவனுக்குக் கெட்டது நடக்கும் என்று நம்பினால் மனதுக்கு ஆறுதல். ஆனால் அதே கயிற்றின் மற்ற நுனியில், கெட்டது நடந்தவள் ஏதோ செய்திருப்பாள் என்பதும் தொங்குகிறது. ஓடு கழற்றியவனின் கண்ணைச் சொல்கிற வாய்தான் என்னையும் சொன்னது.

அது இருக்கட்டும். வாய்க்கால் தம்பி, இவ்வளவு எழுதினீர்கள், அந்த இரண்டு முழத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லையே?

ஐயனார் கோயிலடி

அக்கா, நான் உங்களைச் சொல்லவில்லை. மன்னிக்க வேணும். ஆனால் தாய்மாரின் கண்ணீரை ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் றோட்டில் குந்தினார்கள். வெயிலிலும் மழையிலும் எத்தனை வருசம். 2022 தையில், காணாமல் போன ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் மனைவி சந்தியா கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தலையை மொட்டை அடித்துச் சாபம் போட்டார். அதே வருசம் ஆடியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று வள்ளுவரும் சும்மாவா சொன்னார்?

கணக்குப்புலி

அண்ணை, அவர் ஓடியது டொலர் முடிந்து, உரம் இல்லாமல், பெற்றோல் வரிசையில் சனம் செத்ததால். அந்த வரிசையில் தாய்மாரும் நின்றார்கள். சாபம் ஆளைப் பார்த்துப் பிடிக்கிறது என்றால் சபித்தவர்களையும் ஏன் பட்டினி போட்டது? போராட்டத்தில் இருந்த எத்தனை தாய் தகப்பன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமலே செத்துப்போனார்கள்? கண்ணீருக்கு அந்தச் சக்தி இருந்திருந்தால் சண்டை முடிந்த 2009 வைகாசியிலேயே தெரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தி

கணநாத் ஒபயசேகர என்ற நம் நாட்டு மானிடவியலாளர் 1975இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சீனிகம, முன்னேஸ்வரம் கோயில்களில் எதிரிக்குச் சாபம் போட வந்தவர்களிடமே போய்க் கேட்டார். களவு கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், பெலத்தவனிடம் அடி வாங்கியவர்கள் வந்திருந்தார்கள். கத்தி எடுக்கிற கோபத்தைத் தெய்வத்திடம் ஒப்படைக்கிறார்கள் என்பது அவர் பார்வை. முத்தையன்கட்டுத் தம்பி, உங்கள் ஆச்சி தூணை இடித்திருக்கலாம், யாரையும் பிடித்து அடிப்பித்திருக்கலாம். ஒரு பிடி மண்ணோடு விட்டார்.

ஊர்ச் சண்டைகளைப் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்குப் போங்கள். எல்லைத் தகராறு அங்கே கனக்கத் தீர்ந்திருக்கிறது. பெர்மிட்டையும் பழைய வரைபடத்தையும் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

முத்தையன்கட்டு வாய்க்கால்

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். பூவரசு அக்காவின் கேள்விக்குப் பதில் எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் பிந்தியது. அந்த இரண்டு முழத்துக்குள் ஒரு மரமுந்திரிகை நிற்கிறது. ஆச்சியின் மகன் நட்டது. அவன் 2009இல் இல்லாமல் போனான். காய்க்கிற காலத்தில் என் பிள்ளைகள்தான் பொறுக்கிச் சுட்டுத் தின்கிறார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கம்பி அடித்தேன்.

முந்தநாள் ஆச்சியிடம் போனேன். முற்றத்தில் ஓலைப்பாயில் ஒடியல் காயப்போட்டுவிட்டு, தடியோடு இருந்து காகம் கலைத்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. நானே குந்தினேன். கன்று, தம்பி, கிணறு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பிக்கு இப்ப சுகமோ?” என்றார். சுகம் என்றேன். “ஆச்சி, அண்டைக்குப் போட்ட மண்ணை எடுத்துவிடுங்கோ” என்றேன். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“தூத்தின மண்ணை எப்பிடியடா அள்ளுறது? நீ கம்பியைக் கழட்டு.”

கழற்றிவிட்டோம். கழிப்புக்காரனை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அம்மா மூன்று நாள் கதைக்கவில்லை. வாசல் நிலையில் அம்மா கட்டின தேசிக்காயும் மிளகாயும் தொங்குகிறது. அதை நானும் கழற்றவில்லை.

ஏழு தூண். முதல் இரண்டையும் கிளப்பும்போது நடுவால் முறிந்துவிட்டது. மிச்சத்தை உடையாமல் எடுக்க வழி தெரிந்த ஆட்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

முதல் நாள் இரவே அடியில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். நாலு பக்கமும் அலவாங்கால் கிண்டி, தூணைச் சங்கிலியால் கட்டி வாகனம் தூக்குகிற ஜக் வைத்து நேரே மேலே தூக்குங்கள். ஆட்டினால் முறியும்.